கேட்டு இறைத்த தண்ணீர்

ஈஸ்மெண்ட் என்ற சொல்லுக்குச் சட்டப் புத்தகம் தரும் விளக்கம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பிறர் நிலத்தில் வழியையோ தண்ணீரையோ இருபது வருஷம் அனுபவித்தால் அது உரிமையாகிவிடும். ஆனால் யாருடைய அனுமதியும் இல்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். கேட்டு வாங்கியது கணக்கில் சேராது. இதை எழுதிய இங்கிலீஷ்காரன் பக்கத்துத் தோட்டக்காரனோடு ஒரு நாளாவது முகம் பார்த்துப் பேசியிருப்பானா என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

திண்டுக்கல்லில் நான் வக்கீலாக இருந்த காலம். 1958இல் வடமதுரைப் பக்கத்திலிருந்து ஜக்கம்மாள் வந்தார். கணவர் காலமாகிவிட்டார், கொஞ்சம் மல்லிகைத் தோட்டம்தான் பிழைப்பு. கல்யாணமாகி வந்த நாள் முதல், இருபது வருஷத்துக்கும் மேலாக, கொழுந்தன் நாச்சிமுத்துவின் கிணற்றில்தான் கமலை பூட்டி இறைத்து வந்தார். இப்படியே விட்டால் கிணறு கைவிட்டுப் போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட, நாச்சிமுத்து வாய்க்காலை அடைத்துவிட்டார்.

வழக்குப் போட்டேன். அனுமதி பற்றிய சங்கதியை ஜக்கம்மாளுக்குப் பக்குவமாக விளக்கினேன். அவரும் தலையாட்டினார்.

கூண்டில் ஏறிய ஜக்கம்மாளை எதிர்த்தரப்பு வக்கீல் சூசைமுத்து சுற்றி வளைக்கவில்லை. கமலை பூட்டுவதற்கு முன் நாச்சிமுத்துவிடம் கேட்பதுண்டா என்றார்.

"கேக்காம எப்பிடிங்கய்யா? 'தம்பி, தண்ணி எறைச்சுக்கிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தேன் மாட்டைப் பூட்டுவேன். அடுத்தவுக கெணத்துல சொல்லாமக் கொள்ளாம எறைக்க நான் என்ன களவாணியா?"

வழக்கு அங்கேயே முடிந்தது. ஜக்கம்மாள் அனுபவித்தது உரிமையல்ல, நாச்சிமுத்துவின் தயவு என்று தீர்ப்பு வந்தது.

அடுத்த வாரமே நாச்சிமுத்து என்னைத் தேடி வந்தார். கிணறு போய்விடும் என்ற பயம் தீர்ந்ததும் மனசு இளகிவிட்டது. மல்லிகை வாடுவதைப் பார்க்க முடியாமல் அடைத்த வாய்க்காலைத் தானே வெட்டித் திறந்துவிட்டாராம். மதினிதான் கிணற்றுப் பக்கமே வரவில்லையாம்.

"எப்பவும்போல ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்கய்யா. நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்திரங்களைத் திரும்ப வாங்க வந்த ஜக்கம்மாளிடம் உடனே சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அம்புட்டு வருசமும் நான் கேட்டது மரியாதைக்குங்கய்யா. அதைத் தயவுன்னு எழுதிப்புட்டாக. இனிமே கேட்டா, அது தயவுதேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பத்திரங்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனசு வலித்தது.

அந்த வருஷம் அவர் மல்லிகையைப் பிடுங்கிவிட்டு, மழையை நம்பிச் சோளம் விதைத்தார். நாச்சிமுத்து அதன் பிறகு வாய்க்காலை அடைக்கவேயில்லை.