காலி ஆணி

சுரங்கம் மூடிய மறு வருஷம், மலை உச்சியிலிருந்த க்வில்டன் ஊரில் விற்பதற்கு மிச்சமிருந்தது மூச்சுத்திணறல் ஒன்றுதான். அதையும் விற்றுவிடலாம் என்று மேயர் ஹாஸ்கின்ஸுக்குத் தோன்றியது. கொலராடோ மலைக் கணவாய்களில் ஏறி இறங்கி நூறு மைல் ஓட்டப்பந்தயம். உலகத்திலேயே இப்படி ஒன்று கிடையாது என்றார். கிடையாததற்குக் காரணம் இருக்கும் என்றார் ஊர் டாக்டர். அவரை விழாக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஆள் கணக்குக்குச் சுரங்கத்துப் பலகையையே கொண்டுவந்து பந்தயக் கோட்டருகே நிறுத்தினார்கள். ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் ஆளின் பெயர். போகிறவன் எடுத்துக்கொண்டு போவான், வந்ததும் மாட்டுவான். ஓர் ஆணி காலியென்றால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று பொருள். யாரும் வெடி வைக்க மாட்டார்கள். சுரங்கம் ஓடிய காலம் முழுக்க அந்தப் பலகையைக் காவல் காத்தவள் டோரீன். பந்தயத்திலும் அவள்தான் அங்கே நின்றாள்.

பந்தயம் தொடங்கிய மறுநாள் சாயங்காலம் இரண்டு ஆணிகள் காலியாக இருந்தன. ஒன்று அவள் புருஷன் ஏர்லுடையது. மற்றது அவன் கூட்டாளி மிலோவுடையது. கணவாய்க்கு மேலே மேகம் ஈயம் உருக்கி ஊற்றியதுபோலத் திரண்டிருந்தது.

கடைசி ஆளும் வந்ததும், பாதைக்கு மேலே இருந்த பழைய சுரங்க வாயை வெடிவைத்துத் தகர்ப்பது மேயரின் ஏற்பாடு. "ஒரு யுகத்தின் முழக்கம்" என்று அதற்கு நோட்டீஸில் பெயர். பீர் பீப்பாய்கள் திறப்பது அதற்குப் பிறகுதான்.

தூறல் விழுந்தது. உரைத்தாள் நனைகிறதே என்று மேயர் பதறினார். "டோரீன் அம்மா, கொஞ்சம் இந்தக் குடையைப் பிடிங்க!"

அவள் போய்ப் பிடித்தாள். 'மலையை வென்ற மனிதகுலம்' உரை மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கூட்டம் ஆரவாரித்தது. திரும்பிப் பார்த்தாள். பலகை நிறைந்திருந்தது. பீப்பாய் அருகே மிலோ மட்டும் நொண்டிக்கொண்டிருந்தான்.

"ஏர்ல் எங்கடா?"

"வந்துட்டிருக்கான் டோரீன். முட்டி இழுத்துக்கிச்சு. 'என் வில்லையையும் நீயே மாட்டிடு, பாவம், அவனுங்க எதுக்குத் தொண்டை காஞ்சு நிக்கணும்'னான்."

சுரங்கத்திலும் இந்தத் திருட்டுத்தனம் உண்டு. கண்ணில் பட்டால் டோரீன் காது கூசத் திட்டுவாள். இன்று திட்ட நேரமில்லை. எதிர்ச் சரிவில், வெடிப்பெட்டியின் கைப்பிடிமேல் சுரங்கத்து வெடிகாரன் தஃபோயா இரண்டு கைகளையும் வைத்துவிட்டான். கத்தினால் கேட்காது; ஒலிபெருக்கி மேயருடையது.

குடையை வீசிவிட்டு ஓடினாள். ஏர்லின் வில்லையைப் பிடுங்கினாள்.

அழுத்துமுன் ஒருதரம் பலகையைப் பார்ப்பது தஃபோயாவின் வழக்கம். பார்த்தான். கையை எடுத்தான்.

"அமுக்குய்யா!" என்றது ஒலிபெருக்கி.

"ஆணி காலியா இருக்கு மேயரே!"

"அது அலங்காரத்துக்கு வெச்ச பலகைய்யா! பத்திரிகைக்காரங்க காத்துட்டிருக்காங்க!"

"அப்ப நீங்களே வந்து அமுக்குங்க."

மேயர் போகவில்லை. ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. டோரீன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கண்டவன் தஃபோயா. பெட்டியிலிருந்து கம்பிகளைக் கழற்றினான். பிறகுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். தகர்க்க இருந்த சுரங்க வாய்க்குள்ளே ஒரு தலைவிளக்கு மினுங்கியது. ஏர்ல் மழைக்கு ஒதுங்கி, வெடிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.

வெகுநேரத்துக்குப் பின் ஆலங்கட்டி ஓய்ந்தது. விளக்கு எழுந்து, நொண்டி நொண்டிக் கீழே இறங்கியது.

மேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாத்தீங்களா, நம்ம பாதுகாப்பு ஏற்பாட்டை!"

கூட்டம் கைதட்டியது. அந்தச் சூட்டிலேயே அடுத்த வருஷப் பந்தயத்தை அறிவித்தார். யார் யார் பெயர் கொடுக்கிறீர்கள்?

மிலோ கையைத் தூக்கினான். "என் பேரை எழுதிக்குங்க. அப்படியே ஏர்ல் பேரையும் சேத்து எழுதிடுங்க, அவன் வந்துட்டிருக்கான்."

டோரீன் வில்லையைத் திரும்ப மாட்டவில்லை. உள்ளங்கையில் விளிம்பு பதிய இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.