கரி போட்ட முட்டை

கைக்குழந்தையோடு சென்னீர்குப்பத்தில் புருஷன் வீட்டுக்கு வந்து இறங்கிய நாள் முதல் அங்கம்மாவுக்குச் சந்தேகம்தான். சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்ததே அவளைப் பெற்றவள். திருவேற்காட்டில் பிரசவம் பார்த்து, மூன்று மாதம் வீட்டில் வைத்து, சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் பூண்டுக் குழம்புமாகப் போட்டு, மகளைக் கன்னமும் கழுத்துமாகத் தேற்றி அனுப்பினாள். பஸ் ஏறும்போது காதோடு சொன்னாள்: "நீ எவ்ளோ துன்றேன்னு அங்க ஒருத்தரும் பாக்கக் கூடாது. முக்கியமா அந்த நாத்தனாக்காரி. புரிதா?"

நாத்தனார் பொன்னியம்மா, அங்கம்மாவின் புருஷன் செங்கல்வராயனுக்கு அக்கா. பிள்ளை இல்லை என்று தன் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதும் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசியது.

பால் கொடுக்கிறவள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்ற வழக்கம் இந்த வீட்டிலும் இருந்தது. அறை மூலையில் கயிறு கட்டிப் பழைய புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாமியார் வேம்புலியம்மாள் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே தட்டைக் கவிழ்த்து மகளிடம் கொடுப்பாள். பொன்னியம்மா அதைப் புடவைக்குள் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அங்கம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நல்ல வழக்கம்தான், கிண்ணத்தில் சோறு இருக்கிறவரைக்கும். சோறு குறைந்துபோனால் அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

குறைந்துதான் போனது. முதல் வாரம் கிண்ணம் நிறைய வந்தது. பிறகு பாதி வந்தது. குழம்பில் பூண்டு தேடிப் பார்க்க வேண்டியிருந்தது, கீரை கண்ணிலேயே படவில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்க அங்கம்மாவுக்கு வாய் வரவில்லை. பிள்ளை பெற்றவள் பானையையே காலி பண்ணுகிறாள் என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லே கண்ணாகப் பட்டுவிடும் என்று பயம். வெறும் தண்ணீரைக் குடித்து வயிற்றை ஏமாற்றினாள். அதற்கும் மாமியார், "பச்ச ஒடம்புக்காரி இப்டியா தண்ணி குடிப்பே" என்று சொம்பைப் பிடுங்கி வைத்தாள்.

அடுப்புக்கும் புடவைக்கும் நடுவில் ஆறு அடி இருந்தால் அதிகம். அந்த ஆறு அடியில் சோறு எங்கே போகிறது? அங்கம்மா யோசித்தாள். யோசிக்க ஆரம்பித்தவளுக்குப் பொன்னியம்மா மெல்லுவதெல்லாம் தன் சோறாகத் தெரிந்தது. அவள் வெற்றிலைதான் மென்றாள், பாவம்.

ஒருநாள் மதியம் சோற்றைப் பிசையக் கையை விட்டவளுக்கு உருண்டையாக என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். வெந்த முட்டை, ஓட்டோடு. ஓட்டின் மேல் கரியால் கிழித்த கோடு ஒன்று லேசாக அழிந்து தெரிந்தது.

அங்கம்மா முட்டையைச் சட்டென்று சோற்றிலேயே போட்டாள். முட்டை வைத்துச் செய்வினை செய்கிற கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். முச்சந்தியில் மஞ்சள் பூசின முட்டை கிடந்தால் மூன்று தெரு சுற்றிப் போகிற ஊர் அவளுடையது. புடவையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பொன்னியம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உதட்டின் மேல் விரலை வைத்து, மூச்சு விடாதே என்பது போலக் காட்டிவிட்டுப் போனாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முட்டையை முந்தானையால் பிடித்து எடுத்து, பின்பக்க ஜன்னல் வழியாகச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். முட்டை பட்ட சோற்றையும் சாப்பிடப் பிடிக்காமல் ஓரமாக ஒதுக்கிவிட்டு இரண்டு வாய் தின்றாள்.

மறுநாளும் முட்டை வந்தது, கோட்டோடு. அதற்கு மறுநாளும் வந்தது. எல்லாம் சுவர் தாண்டிப் போயின. கிண்ணத்தை எடுக்க வரும் பொன்னியம்மா உள்ளே விரலால் கிளறிப் பார்ப்பதையும் அங்கம்மா கவனித்தாள். வைத்த மருந்து உள்ளே போயிற்றா என்று பார்க்கிறாள், வேறென்ன?

இதற்கிடையில் குழந்தைக்கு மார்பில் பால் போதவில்லை. குலசாமிக்கு நேர்ந்து மதுரைவீரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீரன் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு வாயை எடுத்து, சுருங்கின முகத்தோடு அழுதான். பூந்தமல்லியில் குழந்தைகளை எடை போடும் இடத்துக்கு மாமியார் கூட்டிப்போனாள். நர்ஸம்மா தராசு முள்ளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு அங்கம்மாவின் கழுத்தெலும்பைப் பார்த்தாள்.

"போன தடவையவிட எடை இறங்கி இருக்கே. நீ ஒழுங்கா சாப்பிடுறியாம்மா? பால் குடுக்கிறவ ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்."

"அதெல்லாம் நல்லா துன்றாம்மா. இன்னா கொற அவளுக்கு" என்று வேம்புலியம்மாள் முந்திக்கொண்டாள்.

அங்கம்மா குழந்தையைத் தராசிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சொன்னால் யாரைச் சொல்வது, எதைச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது மாமியார், "பால் வத்திப்போச்சுன்னா டப்பா பால்தான் கலக்கிக் குடுக்கணும்" என்றாள். எதிர் வீட்டில் டப்பா பால் குடித்த பிள்ளை பேதியில் போனது போன கோடையில்தான். அங்கம்மா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். செய்வினை வைத்துத் தன் மார்பைக் கட்டிப்போட்டவளைக் கண்டுபிடித்துவிட்டதாகவே அவள் முடிவு செய்தாள். புருஷனிடம் சொல்லி அவளை வீட்டை விட்டு விரட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

செங்கல்வராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து மெஷின் ஓட்டினான். எஸ்டேட்டில் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். விடியும்போதே சைக்கிளில் போனால் இருட்டித்தான் வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பான். வரும் ஞாயிறு சொல்லிவிடலாம் என்று அங்கம்மா காத்திருந்தாள்.

அந்த ஞாயிறு காலையில் வேம்புலியம்மாளின் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. கோழி வளர்ப்பது வேம்புலியம்மாளின் தனி ராஜ்யம். தினம் இடும் முட்டைகள் கடைக்குப் போகும். குஞ்சு பொரிக்க ஒதுக்கின முட்டைகளில் மட்டும் கரியால் கோடு போட்டு, கட்டிலுக்கு அடியில் தவிட்டுக் கூடையில் வைப்பாள். கோடு போட்ட முட்டையைத் தொட அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. கூடையை இழுத்துத் தவிட்டைக் கிளறியவள் கத்திய கத்தலில் கோழியே எழுந்து ஓடிவிட்டது.

"ஏண்டி பொன்னி, கரி போட்ட முட்டைங்க எங்கடி? பாதிக்கு மேல காணோம்."

புடவைக்குப் பின்னால் பால் கொடுத்துக்கொண்டிருந்த அங்கம்மாவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

"உன்னத்தாண்டி கேக்கறேன். நாய் தூக்கினு போச்சா, நரி தூக்கினு போச்சா?"

"நாந்தான் துன்னேன்" என்றாள் பொன்னியம்மா.

"துன்னியா? புள்ள பெக்காத வயித்துக்கு முட்ட கேக்குதா ஒனக்கு?"

பொன்னியம்மா கீழே சிந்திய தவிட்டைக் கூடையில் அள்ளிப் போட்டாள். வாசலில் தம்பிக்காரன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வேம்புலியம்மாள் பேசித் தீர்த்துவிட்டுச் சோற்றைப் போட்டுத் தட்டைக் கவிழ்த்தாள். எப்போதும் போலப் பொன்னியம்மாதான் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது.

அங்கம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "யாருக்கு எடுத்தே அண்ணி?"

"மெல்லப் பேசு" என்று பொன்னியம்மா குரலை இறக்கினாள். "ஒனக்குத்தான் எடுத்தேன். கடைக்குப் போற முட்டையில ஒண்ணு கொறைஞ்சாலும் அன்னிக்கே தெரிஞ்சிடும். உரிச்சி வச்சா ஓடு அடுப்பாண்ட கெடக்கும், அம்மா பாத்துடும். அதான் சோறு வேவறப்ப உள்ள போட்டு எடுத்து மடியில வச்சிக்கினு, கிண்ணம் கொண்டாரப்ப ஓட்டோட சோத்துல புதைச்சேன். நீ துன்னியா இல்லியா? பால் ஊறவே இல்லியே."

"சோத்த யாரு கொறைச்சது?"

பொன்னியம்மா வாசல் பக்கம் பார்த்தாள். "ஒன்ன கோயிலுக்கு இட்டுகினு போனான் பாரு எந்தம்பி, அங்க அவங்கூட வேல செய்யறவன் எவனோ பாத்துட்டு, இன்னா மாமே, ஒங்க அக்காவான்னு கேட்டானாம். பட்டறையே சிரிச்சிதாம். வந்து அம்மாகிட்ட சொல்றான், அவ ஊதிக்கினே போறா, சோத்தக் கொறைன்னு. நான் அவங்க சோத்தத் துன்னுகினு கீறவ. நான் இன்னா கேக்க முடியும்? கோழிதான் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

அங்கம்மாவுக்கு முதலில் வந்தது வெட்கம். அதற்கு மேல் கோபம் வந்தது. கோபத்துக்கும் மேலே, இத்தனை நாள் தன் பிள்ளைக்குப் போக வேண்டியதைத் தன் கையாலேயே தூக்கி எறிந்தோமே என்ற எரிச்சல் வந்தது. அதைப் பொன்னியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய வேலையைத் தெருநாய் செய்தது. ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், வழக்கமான நேரத்துக்கு வந்து நின்று, இன்னும் முட்டை விழவில்லையே என்று இரண்டு தடவை குரைத்தது. பொன்னியம்மா எழுந்து எட்டிப் பார்த்தாள். ரோமம் பளபளவென்று, தொப்பை தள்ளிக்கொண்டு, அந்தத் தெருவில் வேறெந்த நாய்க்கும் இல்லாத மினுமினுப்போடு நாய் நின்றது. சுவரடியில் கரிக்கோடு போட்ட ஓடுகள் கிடந்தன.

பொன்னியம்மா நாயையும் அங்கம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "என்னியவா சந்தேகப்பட்டே?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. மனசு விட்டுப்போய்க் கேட்டாள்.

அங்கம்மா குழந்தையைத் தூக்கி, அதுவரை யாரும் பிள்ளையைத் தராத அந்தக் கைகளில் வைத்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புடவையை விலக்கி வெளியே வந்தாள். நேராக வாசலுக்குப் போய், கவிழ்ந்து கிடந்த சைக்கிளுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூடியிருந்த தட்டைத் திறந்தாள்.

"ஏய், இன்னாடி இது, தெருவாண்ட குந்திகினு" என்றான் செங்கல்வராயன்.

வேம்புலியம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "உள்ள எழுந்து போடி. நாலு கண்ணு படும்."

"படட்டும் அத்தே. நான் எவ்ளோ துன்றேன்னு எல்லாரும் பாக்கட்டும்." கிண்ணத்தைச் சாய்த்துப் புருஷனிடம் காட்டினாள். "நீயும் பாரு. ஒம் புள்ளைக்குப் பால் இதுலருந்துதான் வரணும்."

கிண்ணத்தில் இருந்தது ஒரு கரண்டிச் சோறு. அவன் பார்த்தான். தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நின்று பார்த்தார்கள். செங்கல்வராயன் துடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

அந்த ஒரு கரண்டிச் சோற்றை அங்கம்மா நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

இடுப்பில் வீரனோடு வந்த பொன்னியம்மாவின் இன்னொரு கையில் சோற்றுப் பானையே இருந்தது. பின்பக்கம் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அதற்கு ஒன்றும் விழவில்லை.