நேற்று நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டம்

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய சுகாதார நிலையத்தின் மூன்றாம் அறையில் பனி பெய்யத் தொடங்கியபோது, அது அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்று நினைத்து நர்ஸ் ராமசெல்வி ஒரு வாரம் பெருக்கிக் கொட்டினாள். சாம்பலாக இருந்தால் முறத்தில் தங்கியிருக்கும். இது வாசலுக்குப் போவதற்குள் தண்ணீராகிவிட்டது. அதன் பிறகுதான் அவள் பிலோமிக்குப் போன் செய்தாள். பிலோமி ராயபுரத்துக்காரி. நாட்டின் சுகாதாரத் துறைக்கு உதவ வரும் வெளிநாட்டு அமைப்புகளை ஒருங்கிணைப்பது அவள் வேலை. ஒருங்கிணைப்பது என்றால், ஒருவர் கொடுத்த கட்டிலை இன்னொருவர் கொடுத்த அறைக்குள் போட இருவரையும் சம்மதிக்க வைப்பது. எல்லா அமைப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யவிட்டுப் பார்ப்போம், சரிப்பட்டால் நாடு முழுக்கச் செய்யலாம் என்று டெல்லியில் முடிவெடுத்து, அந்த ஒரே கூரைக்கு எண்ணூரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏன் எண்ணூர் என்று எண்ணூரில் யாரும் கேட்கவில்லை. எங்கும் வைக்க முடியாதது எதுவானாலும் எண்ணூருக்குத்தான் வரும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி.

பிலோமி வந்து, மூன்றாம் அறையில் தலைமுடியெல்லாம் வெள்ளையாகும்வரை நின்று பார்த்தாள். அறையைக் கட்டிக்கொடுத்தது வடதுருவத்தை ஒட்டிய ஒரு நாட்டு அமைப்பு. அறையோடு சேர்த்துத் தங்கள் ஊர் வானத்தையும் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. மற்ற இடங்களிலும் அதுவே நடந்தது. சீட்டுப் போடும் கூடத்தைக் கட்டியவர்களின் நாட்டில் எப்போதும் பூந்தூறலாம், கூடத்திலும் தூறியது. நோயாளிகள் குடையோடு வந்தார்கள். குடை ரிப்பேர் செய்யும் நசீர் திருவொற்றியூர் மார்க்கெட்டைவிட்டுச் சுகாதார நிலையத்து வாசலுக்கே இடம் மாறினான். பிரசவ அறையைக் கொடுத்த நாடு பூமிக்கு அந்தப் பக்கம், சூரியன் பிந்திப் போய்ச் சேரும் இடத்தில் இருந்ததால், அந்த அறைக்குள் எந்நேரமும் நேற்றாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை வலியெடுத்து வருகிறவள் திங்கட்கிழமை பெற்றுக்கொண்டு போனாள். அஷ்டமியில் பிள்ளை பிறந்துவிடுமோ என்று பயந்தவர்கள் புளியந்தோப்பிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். நான்காவது அமைப்பு அறை எதுவும் தரவில்லை, ஆலோசனை மட்டும் தந்தது. அது இதமான காற்றாக வீசி, மேசைமேல் இருந்த காகிதங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது.

அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. எண்ணூர் ஜனங்கள் அவர்களைப் பனிக்காரர், தூறல்காரர், நேற்றுக்காரர், காற்றுக்காரர் என்றே அழைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். நால்வரும் நல்லவர்கள். கழிமுகத்துக் குழந்தைகளைக் கண்டால் கண்கலங்குவார்கள். ஆனால் ஒருவர் சாமானை இன்னொருவர் தொடக் கூடாது. தூறல் கூடமும் பனி அறையும் சந்திக்கும் நடைவழியில் சேறு கட்டியது. அதைத் துடைக்கும் துடைப்பம் யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி இரண்டு மழைக்காலங்கள் கூட்டம் நடந்தது. துடைப்பத்தின் தேவையை முதலில் ஆய்வு செய்ய வேண்டும் என்று காற்றுக்காரர் சொன்னார். ஆய்வு செய்ய வந்தவர் அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தார். கட்டுப்போட அவரைத் தூக்கிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சர் எந்த அமைப்புடையது என்று அடுத்த கூட்டம் விவாதித்தது.

இதையெல்லாம் பிலோமி வீட்டில் சொல்வாள். அவள் கணவன் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். ஆறு நாட்டுக் கப்பல் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது, ஒரு சின்ன இழுவைப் படகு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுபோய்க் கட்டுகிறது, இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவன் கேட்பான். "கப்பலுக்கு வாய் கிடையாதுய்யா," என்று சொல்லிவிட்டு பிலோமி படுத்துக்கொள்வாள். தூக்கத்திலும் அவள் இரண்டு தரப்பையும் பாராட்டி ஏதோ முனகுவதாக ஸ்டானிஸ்லாஸ் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் புயல் வந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை மின்கம்பங்கள் சாய்ந்து, மூன்றாம் நாளும் கரண்ட் வரவில்லை. வடசென்னைக் குழந்தைகளுக்கான தடுப்பூசி முழுவதும் இருந்த குளிரறையில் ஜெனரேட்டரும் நின்றுபோக, மருந்தை ஐஸ் பெட்டிகளில் அடைத்து வேன்களில் ஏற்றினார்கள். சுற்றுவட்டாரத்தில் குளிர் இருந்தது ஒரே இடத்தில்தான். வேன்கள் வரிசையாக எண்ணூர் சுகாதார நிலையத்துக்கு வந்து நின்றன. பெட்டிகளின் ஓரத்தில் ஏற்கெனவே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

பனிக்காரர் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். அவருக்கும் மனசு வேகத்தான் செய்தது. ஆனால் அந்த மருந்து தூறல்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. வேறு அமைப்பின் பொருளைத் தங்கள் பனியில் வைக்கத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். தலைமை அலுவலகமோ அன்று காலையிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை, இனிப் புத்தாண்டு கழித்துத்தான் திறக்கும். தூறல்காரர் தன் பங்குக்கு, வைப்பதானால் பெட்டியின் மேல் ஒட்டிய தங்கள் சின்னம் பனியில் மறையாமல் யாராவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் பொறுமையாக இருக்கும்படி காற்று வீசியது. வேன் டிரைவர்கள் இறங்கிவந்து பிலோமியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு பெட்டியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள்; ஐஸ் கஞ்சி பதத்துக்கு வந்திருந்தது. மருந்தைப் பிரசவ அறையில் வைத்தாலும் பிரயோஜனமில்லை. நேற்றும் கரண்ட் இல்லை.

நேற்று கரண்ட் இல்லையே தவிர, நேற்று அந்தத் தலைமை அலுவலகம் திறந்திருந்தது என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. பனிக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் பிரசவ அறைக்குள் போனாள். மற்ற மூவரும், தங்களைவிட்டு ஏதோ கூட்டம் நடக்கிறது என்று பயந்து பின்னாலேயே வந்தார்கள்.

அறையில் திரைக்கு அந்தப் பக்கம் வியாசர்பாடி கார்குழலி வலியோடு படுத்திருந்தாள். ராமசெல்வி அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் நால்வரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பனிக்காரர் போனை எடுத்தார். அவர் நாட்டில் அப்போது முந்தைய நாள் காலை. ஆனால் எண்ணை முழுவதும் போடுவதற்குள், தங்கள் நேற்றைத் தங்களைக் கலந்தாலோசிக்காமல் பயன்படுத்துவது முறையல்ல என்று நேற்றுக்காரர் ஆட்சேபித்தார். தூறல்காரர் சின்னத்தின் பேச்சை மறுபடியும் எடுத்தார்.

"யாருக்கா அது, செருப்போட உள்ள வந்துகினு?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கார்குழலி கேட்டாள்.

பிலோமி விஷயத்தைச் சொன்னாள். கார்குழலி மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"ஊசி மருந்த ஐஸ்ல வெக்கணும். ஐஸ் பக்கத்து ரூம்ல கீது. இதுல பேசறதுக்கு இன்னா கீது? என் பெரிய பொண்ணுக்குப் போன மாசமே ஊசி தள்ளிப்போச்சு. இந்தப் புள்ள வெளிய வர்றதுக்குள்ள முடிக்கச் சொல்லு."

அந்தக் குரல் யாருடையது என்று பனிக்காரர் மெதுவாகக் கேட்டார். மூன்று நாளாகத் தூங்காத பிலோமிக்கு வேறு வார்த்தை வரவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் என்று சொன்னாள். தலைமை ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது, அது மிகவும் குறைவு என்றும் சொன்னாள். நால்வரும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். தலைமையின் கவனத்துக்கு என்று தொடங்கி நேற்றுக்காரர் தன் ஆட்சேபத்தை விளக்க ஆரம்பித்தபோது கார்குழலிக்கு அடுத்த வலி வந்தது. அவள் அடிவயிற்றிலிருந்து எழுப்பிய சத்தம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இத்தனை வருஷக் கூட்டங்களில் எந்தத் தலைமையும் இவ்வளவு தெளிவாகத் தன் அதிருப்தியைத் தெரிவித்ததில்லை. நேற்றுக்காரர் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினார். தூறல்காரர் சின்னம் மறைந்தாலும் பரவாயில்லை என்றார். காற்று நின்றது. பனிக்காரர் போனில் நான்கே வாக்கியம் பேசினார். அந்தப் பக்கத்தில் விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த யாரோ, அதற்கென்ன, தாராளமாக என்றார்கள்.

வெளியே வந்து பார்த்தால் அனுமதிக் கடிதம் நேற்றே வந்து பனிக்காரர் போனில் கிடந்தது. காலையிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வாசலை மறித்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரே முதல் பெட்டியைத் தூக்கினார். தூறல்காரர் அடுத்ததைத் தூக்கினார். டிரைவர்களும் வரிசையில் நின்று கை மாற்றிக் கொடுக்க, மருந்து முழுவதும் பனிக்குள் போய்ப் புதைந்தது. கடைசிப் பெட்டி போகும்போது பிரசவ அறையில் பிள்ளை அழுதது. முந்தைய நாள் பிறந்தவன் என்பதால் அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கார்குழலியின் கணவன் பாரி பிள்ளைக்குப் பகலவன் என்று பெயர் வைத்தான். திரையை விலக்கி வாழ்த்துச் சொல்ல வந்த நால்வரும், தலைமை இப்படிப்பட்ட நிலையிலும் கூட்டத்தை நடத்தியதற்கு நன்றி தெரிவித்தார்கள். "பரவால்ல, அடுத்த தபா சீக்கிரம் முடிங்க," என்றாள் கார்குழலி.

வடசென்னையில் அந்த மாதம் ஒரு குழந்தைக்கும் ஊசி தப்பவில்லை. டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. நாடு முழுவதும் பின்பற்ற, கூட்டம் நடத்திய முறையை விளக்கும்படி கேட்டார்கள். பிலோமி உள்ளதை உள்ளபடி சொன்னாள். சில மாநிலங்களில் இன்றும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களைப் பிரசவ அறையில்தான் வைக்கிறார்கள், சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று கேள்வி.

மறு ஆண்டு ஐந்தாவதாக ஓர் அமைப்பு சேர்ந்தது, பாலைவன நாடு. கண் சிகிச்சைக்கென்று அறை கட்டித் திறந்த அன்று ராமசெல்வி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மணல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஒட்டகம் இன்னும் வரவில்லை என்று போனில் சொன்னாள். பிலோமி சரி என்றாள். கார்த்திகை அடைமழையில் அறையிலிருந்து ஒரு மாதிரி வாடை வருவதாகப் புகார் வந்தபோது, அவள் நனைந்துகொண்டே போய்க் கதவைத் திறந்தாள். அடிவானம்வரை நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கழிமுகத்துக் குப்பத்துப் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு நடுவே உட்கார்ந்து, வராத காக்கையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெளில மழைம்மா. இங்கதான் வெயில் கீது," என்றாள் அவர்களில் மூத்தவளான குப்பம்மா.

கண் டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார், அன்றைக்கு மட்டும் மீனை அள்ளிவிடுங்கள் என்றாள் பிலோமி. பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கருவாடு இல்லாத இடமாகப் பார்த்து, ஈரமான முந்தானையை மணலில் விரித்துக் காயப்போட்டு உட்கார்ந்தாள். குப்பம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.