தங்க அட்டைக்காரர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஜினியர். ஊர் ஊராகப் போய் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டின் கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில்தான் குடித்தனம். அப்படிப் பறந்து பறந்து அவர் சேர்த்த சொத்து, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி கொடுக்கும் ஒரு தங்க அட்டை. வீட்டுச் சாவி எங்கே என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். அந்த அட்டை மட்டும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

அதன் பெருமையை அவர் கல்யாண வீடு, சாவு வீடு என்று பாராமல் சொல்லுவார், எனக்குக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அவர் போவது உள்நாட்டு விமானக் கம்பெனியில். ஆனால் அந்தக் கம்பெனியின் தங்க அட்டையையே வைத்திருந்தால், உள்நாட்டுப் பயணத்துக்கு விமான நிலையத்தில் இருக்கும் அவர்களுடைய லவுஞ்சுக்குள், அதாவது சோபாவும் காபியும் வைத்த தனி அறைக்குள், விட மாட்டார்களாம். அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தங்க அட்டையை நீட்டினால் வாங்க வாங்க என்று கதவைத் திறப்பார்களாம். சொந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தாளியைச் சோபாவில் உட்கார வைக்கிற கதை. அதனால் இவர் தன் பயணங்களையெல்லாம் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்கில் எழுதிக்கொள்வார். அந்தக் கம்பெனி விமானத்தில் இவர் இதுவரை கால் வைத்ததில்லை. இந்தச் சூட்சுமத்தை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் தாம்தான் என்று நினைப்பு.

எங்களுக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை. அங்கே ஒரு பிசியோதெரபிஸ்டைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணமாகி விவாகரத்தும் ஆகியிருந்தது. இவர் குதித்தார். என் மகளும் இவருக்குப் பிறந்தவள்தானே, அவளும் குதித்தாள். இரண்டு வருஷம் அப்பாவும் பெண்ணும் பேசவில்லை. நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் இடிவாங்கிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு அவளே இறங்கி வந்தாள். பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும், பழசையெல்லாம் நான் பேச மாட்டேன் என்றாள். இவரிடம் சொன்னேன். டிக்கெட்டை நானே போடுகிறேன் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என் கூட வேலை செய்கிற எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

டிக்கெட் வந்தது. எனக்கு வேறொரு கம்பெனியில் நேராகப் போகும் விமானம். அவருக்கு அவருடைய கம்பெனியில், நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறிப் போகும் விமானம். என்ன இது என்று கேட்டேன். நேர் விமானத்தில் ஒரே ஒரு சீட்தான் கிடைத்ததாம், தன் கம்பெனியின் நேர் விமானமும் நிரம்பிவிட்டதாம், மூட்டுவலியோடு நான் இறங்கி ஏறிக் கஷ்டப்பட வேண்டாம் என்று எனக்கு நேர் விமானமாம். என் மூட்டின் மேல் அவருக்கு அக்கறை வந்ததைப் பார்த்து உருகிப்போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தன்று விடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விமான நிலையத்துக்குப் போனோம். அவர் வழக்கம்போல் லவுஞ்சுக்கு நடந்தார், நான் பின்னால். கண்ணாடிக் கதவு, அதற்குள் ஒரு உயரமான மேசை, மேசைக்குப் பின்னால் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண். அவளுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சோபாக்களும், காபி மெஷினும், யாரும் தொடாத செய்தித்தாள் அடுக்கும் தெரிந்தன. இவர் அட்டையை நீட்டி, கூட ஒரு கெஸ்ட் என்றார். அவள் என் போர்டிங் பாஸை வாங்கி மெஷினில் காட்டினாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது.

என் டிக்கெட் அவர்கள் கூட்டணியில் சேராத கம்பெனியினுடையதாம். கெஸ்டாக வருகிறவரும் அன்றைக்குக் கூட்டணி விமானத்தில்தான் போக வேண்டுமாம். அவள் இதை ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னாள். இவர் முகம் சுண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் ரூல் சொல்லுகிற மனுஷன் இந்த ஒரு ரூலைக் கோட்டை விட்டிருந்தார். என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனால் அவர் விமானத்திலேயேதான் கூட்டிப்போவார், அதனால் இது அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. காபி வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அந்தப் பெண் அவருடைய பயணத்தைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு நல்லது செய்ய நினைத்தாள்.

"சார், நீங்க மாறுற ஊர்ல பனிமூட்டம்னு தகவல் வந்திருக்கு. நேரா போற நம்ம பிளைட்ல பாதி சீட் காலியா இருக்கு. இப்பவே மாத்திக் குடுக்கட்டுமா? எக்ஸ்ட்ரா எதுவும் கட்ட வேணாம்."

"வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார் இவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் காபி மெஷினைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், சீட் இல்லை என்றீர்களே என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அட்டையைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு பயணம் குறைகிறதாம். நேராகப் போனால் ஒன்று, மாறிப் போனால் இரண்டு. வருஷக் கணக்கு அந்த மாதத்தோடு முடிகிறதாம், நாங்கள் திரும்புவதோ அடுத்த மாதம். தவறினால் வெள்ளி அட்டைக்கு இறக்கிவிடுவார்களாம். அதற்கு லவுஞ்ச் கிடையாதாம். ஏதோ வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்கிற மாதிரி சொன்னார்.

"பொண்ணு காத்துக்கிட்டிருப்பா" என்றேன்.

"அதெல்லாம் வந்துருவேன்மா. வெயில் ஏறினா பனி போயிடும். எத்தனை தடவை பாத்திருக்கேன்."

ஒரு காபி குடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று உள்ளே போனார். நான் வெளியே ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் விமானத்துக்குக் கூப்பிடும்வரை அவர் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்திருக்கலாம். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பதிவு அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே மாடியில் இருந்தது. நீளமான பெஞ்சு, சுவரில் ஒரு மின்விசிறி, டோக்கன் எண் காட்டும் பலகை. மகள் மாடிப்படிக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை என் பையை வாங்கி வைத்துவிட்டு எனக்கு வசதியான இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எங்கள் எண் வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அடுத்த ஜோடியை உள்ளே விட்டோம். அதற்கடுத்த ஜோடியையும் விட்டோம். அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார், அப்புறம் அன்றைக்கு வர மாட்டார் என்று குமாஸ்தா வந்து எச்சரித்தார்.

அப்போதுதான் இவர் போன் வந்தது. நடு ஊரில் மாட்டிக்கொண்டார். பனி கலையவில்லை, சாயங்காலம்தான் விமானம். மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் குரலைக் கேட்கிறாள்.

"பனிக்கு நீங்க என்னப்பா பண்ணுவீங்க? கிளம்பி வந்தீங்கல்ல, அது போதும்பா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தப் பக்கம் அவரும் அழுதார். அது நடிப்பு இல்லை, அவர் குரல் எனக்குத் தெரியும். போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவளிடம் எதையும் சொல்லிவிடாதே என்றார். ம் என்றேன். மாப்பிள்ளையின் கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவர் அப்பாவின் இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெண் சிரித்துக்கொண்டேதான் மாலை போட்டுக்கொண்டாள். கெடுப்பானேன் என்று நானும் சிரித்தேன். என் கோபம் என்னோடு கிடக்கட்டும், ஊருக்குத் திரும்பியதும் அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் வாசலிலேயே போய்க் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் கையை இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது இதைத்தானே என்று நினைத்தேன்.

நான்கு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் நின்றுகொண்டு பரிமாறினாள். மாப்பிள்ளை நல்ல மனுஷன், பேச்சு கொடுக்க வேண்டுமே என்று, பகல் முழுக்க ஏர்போர்ட்டில் உட்கார்ந்து முதுகு வலித்திருக்குமே மாமா என்று விசாரித்தார். போதாதா? இவருக்கு அப்படியே முகம் மலர்ந்தது. தன்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்று ஆரம்பித்தார். சட்டைப்பையிலிருந்து அட்டை வந்தது. உள்நாட்டு அட்டை, வெளிநாட்டு அட்டை, கூட்டணி என்று எல்லாம் வரிசையாக வந்தது. நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். போனைத் திறந்து, தங்கம் இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது என்று வந்திருந்த செய்தியை மாப்பிள்ளைக்குக் காட்டினார்.

"நேரா வந்திருந்தா ஒண்ணுதான் மாப்பிள்ளை கணக்கு. சுத்தி வந்ததால ரெண்டு. காலைல கவுண்டர்ல ஒரு பொண்ணு, நேர் பிளைட் காலியா இருக்கு, மாத்தித் தரேன்னு நின்னுச்சு. நானா மசிவேன்?"

மாப்பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். மகள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"நேர் பிளைட்ல சீட் இருந்துச்சாப்பா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவை மறந்துபோன நாளிலும், அவள் ஆபரேஷனன்று வேறு ஊரில் லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த நாளிலும் இப்படித்தான் திரும்புவார். நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருக்கிறேன். இப்போதும் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. அந்த சீட் மறுநாள் விமானத்தில் என்று சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள்.

"உங்களைத்தான் கேக்குறா. சொல்லுங்க" என்றேன்.