பத்தாயிரம் புறாக்களும் கடைசிக் கட்டிலும்

என் வீட்டுக்காரர் ஜோபினிடம் பத்தாயிரம் புறாக்கள் இருந்தன, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். ஒரு அனிமேஷன் படத்தில் அவை கூட்டமாகப் பறக்கும் காட்சியை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு நாலு மணிக்கு ஸ்கேன். ஏழாம் மாதம்.

முந்தின இரண்டு ஸ்கேனுக்கும் "இதோ வரேன்" என்றவர் வரவேயில்லை. "லிடியா கே சாத் கௌன் ஹை?" என்று ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் ஆயா இந்தியில் கேட்டாள், லிடியாவோடு யார் வந்திருப்பது என்று. கூட யாருமில்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன். நானே நர்ஸ்தான், அப்படித் தனியாக வரும் பெண்களைப் பார்த்து உச்சுக்கொட்டியவள்தான். இருந்தாலும் அழுகை வந்தது.

மூன்று மணிக்கு அவர் அறையை எட்டிப் பார்த்தேன். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டு பால்கனியை நிஜப் புறாக்கள் நாறடித்துக்கொண்டிருக்க, இவர் திரையில் இருந்த புறாக்களைத் திட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி நேராக ஒரு இடைவெளி.

"ஒவ்வொரு புறாவும் மத்த எல்லாத்தையும் பாத்தா மெஷின் தாங்காது லிடியா. அதான் வானத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சேன். தன் கட்டத்துல இருக்கறத மட்டும் பாக்கும். வேகமாத்தான் ஓடுது, ஆனா கூட்டம் பிஞ்சு போகுது."

"எங்க வார்டுல எனக்கு எட்டுக் கட்டில், கூட வேலை பாக்கற இன்பராணிக்கு எட்டு. ஆனா அவளோட முதல் கட்டில நானும் பாக்கணும், என் கடைசிக் கட்டில அவளும் பாக்கணும். இல்லேன்னா ஓரத்துல படுத்திருக்கறவங்களுக்கு யாருமில்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தியிருக்கற கட்டத்தப் பாக்கச் சொல்லவே இல்ல!" நாலைந்து வரி தட்டினார். இடைவெளி மறைந்தது. பத்தாயிரமும் ஒன்றாகத் திரும்பின.

"ஆபீஸ் மெஷின்ல ஓடி முடிய நாலே முக்கால் ஆயிடும்" என்றார்.

"அப்ப நீங்க இருங்க" என்று பையை எடுத்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"போன ரெண்டு தடவையும் பக்கத்துல யாரு இருந்தா?"

"யாருமில்ல."

ஆபீஸில் இருந்த தீனாவுக்குப் போன் போட்டு, "முடிஞ்சதும் நீயே பாத்து அனுப்பிடு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஆயா வழக்கம்போலக் கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவர் எழுந்துவிட்டார். டெல்லியிலேயே பிறந்தவர், தூக்கத்தில்கூட இந்தி பேசுபவர், அத்தனை பேர் நடுவில் தமிழில் கத்தினார்:

"நான்தான்! நான்தான்!"