சாஸில் எவ்வளவு சர்க்கரை

1.

எழுந்தேன். பல் தேய்த்தேன். ஈரம் போகட்டும் என்று குளியலறை ஜன்னலைத் திறந்துவைத்தேன். பால்கனியில் தொங்கிய சட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சந்து முனைக் காலை உணவுக் கடை அம்மா, "என்ன அழகா, வழக்கம்போலத்தானே?" என்றார். எல்லா ஆண்களையும் அவர் அழகா என்றுதான் கூப்பிடுவார், பல் இல்லாத கிழவர்களையும். வழக்கம் என்றால் ஒரு முட்டை தோசை, சர்க்கரை இல்லாமல் ஒரு சோயாப் பால். முன்பு வழக்கம் என்றால் இரண்டு தோசை, இரண்டு சோயாப் பால். ஒன்றில் சர்க்கரை இருக்காது. இன்னொன்றில் ஈ விழுந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா எந்த நாளில் வழக்கத்தை மாற்றினார் என்று தெரியாது. மாற்றச் சொன்னது நானில்லை.

சோயாப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை தொடங்கியது. கதை எழுதும் எண்ணமெல்லாம் இல்லை. இன்று என் மனைவி வான்-ருங்கின் பிறந்தநாள். அவள் இறந்த பிறகு வரும் முதல் பிறந்தநாள். மாமனார் தைனானிலிருந்து ரயிலில் வருகிறார். அவள் படத்தின் முன் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்க வேண்டும். அவளுக்குப் பிடித்ததை அவள் அப்பாவின் கண்ணில் காட்டக் கூடாது. இதுதான் சிக்கல். படித்தவன் சிக்கல் வந்தால் என்ன செய்வான்? உட்கார்ந்து எழுதுவான். வெங்காயம் அப்படியே கிடக்கும்.

2.

முதல் தொடக்கம்: "வான்-ருங் அடுப்பின் முன் நின்றபோது வெளியே மழை"

மழை வேண்டாம். தைபேயில் அது கதையில்லாமலே பெய்கிறது.

இரண்டாவது: "மரணம் என்பது ஒரு"

இதை நான் முடிக்கப்போவதில்லை. நீங்களும் முடித்து அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது: "ஸ்டேக் பாஸ்தாவுக்கு முதலில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்க வேண்டும்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

3.

வெங்காயம், பூண்டு, வெண்ணெய். நிறைய மிளகுத்தூள். சோயா சாஸ், கொஞ்சம் தக்காளி சாஸ், அரிசி ஒயின். பிறகு சர்க்கரை. பாஸ்தாவைக் கொஞ்சம் அதிகமாகவே வேகவிட வேண்டும்.* இரும்புத் தட்டைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, பாஸ்தாவைப் போட்டு, பக்கத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே இறைச்சியை வைத்து, கடைசியில் சாஸ். தட்டு சீறும். அப்போது காகிதக் கைக்குட்டையை இரண்டு கையாலும் மார்புக்கு முன் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சட்டை போயிற்று.

[* இத்தாலியர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் இந்த வரியைத் தாண்டிவிடவும்.]

தைனானில் எதிலும் சர்க்கரை போடுவார்கள். கறியில் போடுவார்கள், மீன் சாற்றில் போடுவார்கள். நான் தைபேக்காரன். எங்களுக்குள் நடந்த சண்டைகள் எல்லாம் ஒரே சண்டைதான், தேதி மட்டும் வேறு. நான் சமைக்கும் நாளில் இரண்டு கரண்டிச் சர்க்கரைக்குப் பதில் ஒன்றுதான் போடுவேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தள்ளாமல், முகத்தைச் சுளிக்காமல், "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டியா என்னை, தைபேக்காரா?" என்பாள். பிறகு தானே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவருவாள்.

அவள் சொன்னதை மாற்றாமல்தான் எழுதியிருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒன்றுமில்லை.

4.

அப்பாவிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாடு.

வான்-ருங் குழந்தையாக இருந்தபோது என் மாமியார் அவளை ஒரு ஜோசியரிடம் தூக்கிக்கொண்டு போனார். இந்தப் பெண் மாட்டிறைச்சி தொடக் கூடாது, தொட்டால் ஆயுள் குறையும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருமே மாடு தொடுவதில்லை. வான்-ருங் கல்லூரியில் சேர்ந்து தைபே வந்த முதல் வாரமே ஸ்டேக் கடையில் இருந்தாளாம். திருமணத்துக்கு முன் என்னிடம் ஒரே ஒரு சத்தியம்தான் வாங்கினாள்: "எங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் ஜோசியத்தை நம்புவதில்லை. பொறியியல் படித்தவன். பேரங்காடியில் மாட்டிறைச்சி வைத்திருக்கும் பக்கம் வரும்போது மட்டும் தள்ளுவண்டியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுகிறேன். அவசரம் ஒன்றும் கிடையாது. ஏனென்று நீங்கள் கேட்காமல் இருந்தால் நல்லது.

என் மாமனார் நம்புகிறவர். அவருக்குத் தெரிந்தால், மகள் ஏன் செத்தாள் என்பதற்கு அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். அந்தப் பதிலில் வாணலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நானாக இருப்பேன்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் கடைசியில் அவர் கேட்பது ஒன்றுதான். "அன்னைக்குக் காலையில கடைசியா என்ன சொன்னா, ஆ-மின்?" போய்ட்டு வர்றேன் என்று சொன்னாள் என்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் உண்மையில் சொன்னதைச் சொன்னால், எதைப் பற்றிச் சொன்னாள் என்று கேட்பார். அங்கேயும் மாடு நிற்கும்.

5.

மதியம் வரை மூன்று கதைகள் கைவசம் இருந்தன.

பன்றிக் கதை. அதே சாஸ், மேலே பன்றி. அப்பாவுக்குச் சந்தேகம் வராது. வான்-ருங்குக்கு வரும்.

காளான் கதை. எல்லோருக்கும் நல்லது, வாசகருக்குத் தூக்கம்.

மாட்டுக் கதை. மாமனார் ஏறிய ரயில் எங்காவது தாமதமாகிறது. அதற்குள் நான் படையலை முடித்து, ஜன்னலைத் திறந்து, வாசனையை வெளியேற்றி, அவருக்கு மீன் உருண்டைச் சாறு வைக்கிறேன். கதாசிரியனுக்கு ஒரு ரயிலைத் தாமதப்படுத்தவா தெரியாது?

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்குப் போய் வாங்கிக்கொண்டும் வந்தேன், தள்ளுவண்டியை நிறுத்தி.

[மாமனார் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவரைக் கதையில் வைத்தால் அடக்கமும் ஞானமும் தானாக ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிவைக்கிறேன்: சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். அதுவும் மோசமாக ஏமாற்றுவார்.]

6.

இதுவரை எழுதியது மதியம். இனி எழுதுவது பாத்திரம் கழுவிய பிறகு.

ரயில் தாமதமாகவில்லை. அவர் முந்தைய ரயிலிலேயே வந்துவிட்டார். நான் இறைச்சியைத் திருப்பிப் போடும்போது மணி அடித்தது.

"லிஃப்ட் வரைக்கும் வாசனை வருது, ஆ-மின்," என்றார். மாமியாருக்கு முழங்கால் வலி, அவரால் வர முடியவில்லை என்றார். மீன் உருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு அடுப்பருகே வந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாணலியைப் பார்த்தார்.

"மாடுதானே இது?"

"ஆமா, அப்பா."

"அவளுக்குப் பிடிக்குமா?"

"ரொம்ப."

ஆயுள் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். இறைச்சி கருகத் தொடங்கியது. "கருகுது பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

7.

இரும்புத் தட்டைப் படத்தின் முன் வைத்தோம். ஊதுபத்தி ஏற்றினோம். பத்தி பாதி எரிந்ததும் அவர் பையிலிருந்து இரண்டு பத்து டாலர் நாணயங்களை எடுத்தார். படத்தில் இருப்பவளிடம் சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டு இரண்டையும் தரையில் போட வேண்டும். ஒன்று தலை, ஒன்று எண் விழுந்தால் ஆமாம். இரண்டும் எண் என்றால் இல்லை. இரண்டும் தலை என்றால் சிரிக்கிறாள்.

அவர் போட்டார். இரண்டும் தலை.

என்னைப் போடச் சொன்னார். இரண்டும் தலை.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறா?" என்று படத்தையே கேட்டார். பிறகு அவர் செய்ததை நான் கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டு அந்த வரியை அடித்திருப்பேன். சாப்பாட்டுக் குச்சியின் நுனியை வாணலியில் மிச்சமிருந்த சாஸில் தொட்டு, வாயில் வைத்தார். மாடு வெந்த சாஸில்.

"சக்கரை பத்தல," என்றார்.

அவசரப்படாதீர்கள், வாசகரே. இதில் எந்த மர்மமும் இல்லை. தைனான்காரர் கடல் தண்ணீரைக் குடித்தாலும் அதைத்தான் சொல்வார்.

டப்பாவை எடுத்தேன். ஒரு கரண்டி போட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று போட்டேன். சாஸைச் சூடாக்கி அவள் தட்டில் ஊற்றினேன். மூன்றாவது முறை நாணயங்களை அவர் போட்டார். ஒரு நாணயம் தலையாக விழுந்தது. இன்னொன்று உருண்டு குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் போனது.

அவர் முழங்காலை ஊன்றி, கன்னத்தைத் தரையில் வைத்து, அந்த இருட்டைப் பார்த்தார்.

"எண்தான். சாப்பிட்டுட்டா. நீ தட்டு வை."

"எனக்கா?"

"நம்ம ரெண்டு பேருக்கும்."

8.

அவர் ஒரு முழுத் தட்டு சாப்பிட்டார். நான் சாஸை ஊற்றியபோது அவர் காகிதக் கைக்குட்டையைத் தூக்கவே இல்லை. மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. ஒவ்வொரு துண்டையும் நெடுநேரம் மென்றார். பாதித் தட்டில் சொன்னார்:

"நான்தான் முதல்ல கூட்டிட்டுப் போனேன், தெரியுமா? எட்டாவது படிக்கும்போது. கணக்குல பாஸ் ஆயிட்டா, அதிசயமா. ரயில்வே கேட் பக்கத்துல ஒரு கடை. இந்த மாதிரியே தட்டு. பேப்பரைத் தூக்கிப் பிடிக்கத் தெரியாம சட்டையெல்லாம் சாஸ். அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு ரெண்டு பேரும் ஊரைச் சுத்துனோம்."

"என்ன சொன்னீங்க?"

"மை கொட்டிடுச்சுன்னு." தண்ணீர் குடித்தார். "அப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கோம். ஒண்ணும் ஆகல. ஜோசியன் கிடக்கான். நீ அதையெல்லாம் மனசுல வச்சிக்காத."

நான் அதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

[இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. அவரே கூட்டிக்கொண்டு போயிருந்தால், அப்பாகிட்ட சொல்லாதே என்று அவள் ஏன் என்னிடம் சத்தியம் வாங்கினாள்? எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புவார். அடைக்க வழியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று, அம்மாவின் காதுக்குப் போகாமலிருக்க அவள் எல்லோரிடமும் எல்லோரையும் மறைத்தாள். இன்னொன்று, ரயில்வே கேட் பக்கத்தில் அப்படி ஒரு கடையே இல்லை. இந்த வீட்டில் இன்று கதை எழுதியவன் நான் மட்டும் இல்லை. அப்படியானால் அந்த மனிதர் தன் வாழ்க்கையில் முதல் முறையாக மாட்டிறைச்சி தின்றது இன்று, என் மேசையில். ஓட்டையை அப்படியே விடுகிறேன்.]

9.

முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. அவர் கூடத்தில் படுத்துவிட்டார். சட்டையைச் சோப்பில் ஊறவைத்திருக்கிறேன். குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் நாணயம் இருக்கிறது. மேலே இருப்பது எண்ணா, தலையா என்று நான் பார்க்கவில்லை. டார்ச் மேசை இழுப்பறையில். வேண்டுமென்றால் நீங்கள் குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் நான் எழுதியாக வேண்டும். தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட பிறகு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கடைசியா என்ன சொன்னா, ஆ-மின்?

இதற்கு நான் நல்ல நல்ல வரிகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவள் கதவருகே திரும்பி என் பெயரைச் சொல்கிறாள். ஒன்றில் வானத்தைப் பார்க்கிறாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அன்று மாலை ஸ்டேக் பாஸ்தா சமைக்கும் முறை என்னுடையது. அவள் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு எங்கோ மாட்டிக்கொண்டு வரவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சத்தமாக. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது. சாஸ் தெறித்திருக்கிறது என்றார்.

அவள் சொன்னது:

"சக்கரையைக் குறைக்காத. குறைச்சா எனக்குத் தெரிஞ்சிடும்."