கரீமுல்லாவின் வலப்புருவம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத உட்காரவே இல்லை. ஆபரேஷன் நடக்கும்போது நரம்பைக் காவல் காக்கிற மெஷினை இறக்குமதி செய்பவர் ராகவேந்திரன். மயிலாப்பூரில் ஆபீஸ். அதன் 'சந்தை வளர்ச்சி' பற்றிப் பத்துப் பக்க அறிக்கை கேட்டார். வருஷம் 1997. சென்னை முழுக்க அவர் விற்றிருந்தது ஒரே ஒரு மெஷின்.

"இன்னொண்ணு வித்துட்டா நூறு சதவீத வளர்ச்சி! அப்படியே எழுதும் ஓய்" என்றார்.

எழுதினேன். கால் பக்கம் வந்தது. மீதி ஒன்பதே முக்கால் பக்கத்துக்கு எங்கே போவது? அதற்காகப் பிடித்து வந்தவர்தான் கரீமுல்லா.

2.

முதல் தொடக்கம்: "பாண்டி பஜாரில் மாலை வெயில் பொன்னாக…" (சகிக்கவில்லை.)

அடுத்தது: "நரம்பு என்பது மனிதனின்…" (எனக்கே தூக்கம் வருகிறது.)

மூன்றாவது: பாண்டி பஜாரில் கரீமுல்லாவுக்குச் சின்னதாக ஒரு புடவைக் கடை. யாராவது பாதி விலைக்குக் கேட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார். வலப்புருவம் மட்டும் மெதுவாக மேலே போகும். அதைப் பார்த்ததும் கேட்டவர்களே கூச்சப்பட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். இப்போது அவருக்கு வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி. எடுக்கும்போது முகத்து நரம்பில் கத்தி பட்டால் அந்தப் புருவம் படுத்துவிடும்.

(இது தேவலை. வைத்துக்கொள்வோம்.)

3.

இந்த இடத்தில் கரீமுல்லாவே கே.கே. நகரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். [கதாபாத்திரம் வீட்டுக்கு வருமா என்று கேட்காதீர்கள். வந்தார். இரண்டு காபி குடித்தார்.]

"இன்னா சார், என் பொயப்பே இந்தப் புருவத்துல கீது. நீ பாட்டுக்கு எழுதிக்கினு போற?"

"மெஷின் இருக்கு பாய். கத்தி நரம்புகிட்ட வந்தா உங்க முகம் துடிக்கும். உடனே அது டொக்டொக்குன்னு கத்தும்."

"அது கத்தும் சார். எதுனா ஆச்சுன்னா நீ கத்துவியா?"

எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

4.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. (தேடாதீர்கள், நான் கட்டியது.) டாக்டர் சுப்புலக்ஷ்மி இன்னும் கத்தியைக்கூடத் தொடவில்லை. மெஷின் டொக்டொக் என்றது. எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

நர்ஸ் காமாக்ஷி மட்டும் பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். "ஒரு புடவைக்கு ஆயிரத்து இருநூறு சொன்னான்டி. நான் அறுநூறுக்குக் கேட்டேன்."

டொக்டொக்.

அடப்பாவி! மயக்கத்திலும் புருவம் வியாபாரம் பார்க்கிறது.*

ஒரு வழியாகக் கட்டி வெளியே வந்தது. நரம்பு பிழைத்ததா? டாக்டர் வியர்வையோடு நிமிர்ந்தார். "காமாக்ஷி, இன்னொரு தடவை விலை கேளும்மா."

"அறுநூறு!"

மெஷின்

* டாக்டர்கள் திட்டுவார்கள். மயக்க மருந்து கொஞ்சம் லேசாக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5.

அந்த வாக்கியம் மூன்று நாளாக அப்படியே நிற்கிறது. 'கத்தியது' என்று எழுதினால் ராகவேந்திரனுக்கு விளம்பரம். 'கத்தவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. என் வீட்டில் காபி குடித்த மனிதர்.

ராகவேந்திரன் போன் மேல் போன். "கத்தித்துன்னு போடும் ஓய்! நூறு சதவீதம்!"

கட்டுப் பிரித்தாயிற்று. கரீமுல்லா கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி பார்க்க மாட்டேன் என்கிறார். "கண்ணாடி இன்னா விலையா கேக்கும்? கஸ்டமர் வரட்டும் சார்." காலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

நீங்கள் போங்கள். அந்த மாம்பழக் கலர் புடவையை எடுங்கள். ஆயிரத்து இருநூறு என்பார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு அறுநூறு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் புருவத்தைப் பாருங்கள். எனக்குத் தைரியமில்லை. நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறேன்.